6 மில்லிமீட்டருக்கு மேற்படாத மனிதர்கள்

இலங்கை ஓராண்டில் எத்தனை டாலருக்கு வெனீர் இறக்குமதி செய்தது, மொரீஷியஸ் எத்தனை டாலருக்குச் செய்தது என்று ஒப்பிட வேண்டுமா? ஐ.நா.வின் காம்ட்ரேட் தரவுத்தளத்தைத் திறந்து 4408 என்று தட்டுங்கள். பிளைவுட்டின் மேல் ஒட்டும் மெல்லிய மரத்தகட்டுக்கு உலகச் சுங்கத்துறைகள் வைத்திருக்கும் எண் அது. தடிமன் 6 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்பது வரைக்கும் விதி உண்டு. இரண்டு தீவுகளின் அலமாரிக் கதவுகள்மேல் உலகத்துக்கு அவ்வளவு அக்கறை. வாழ்க!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வந்தால் இந்தக் கணக்குப் பித்து தலைக்கேறிவிடும். தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2023-24இல் 956 கோடி டாலர். 2024-25இல் 1,465 கோடி. உத்தரப்பிரதேசத்தை முந்தினோம், கர்நாடகத்தை முந்தினோம், போடு பட்டாசு! இங்கே பூட்டி அனுப்பும் போனுக்குள் இறக்குமதி செய்த பாகம் எத்தனை டாலர், இங்கே தங்கியது எத்தனை டாலர் என்று எவனாவது கேட்டால் அவன் வளர்ச்சிக்கு விரோதி.

போனுக்கு இருக்கும் மரியாதையே தனி. ஒவ்வொன்றுக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண். எந்த நாட்டில், யார் பையில் கிடந்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம். 2021 டிசம்பரில், ஆப்பிளுக்குப் போன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட வேலை பார்த்தவள் உயிரோடுதான் இருக்கிறாளா என்று கேட்க, மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருந்தது. போன் எங்கே இருக்கிறது என்று தெரியும். அதைப் பூட்டிய பெண் எங்கே என்று சொல்லத்தான் ஆளில்லை. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்தில் இல்லை என்று பிறகு ஆப்பிள் அறிவித்தது. கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கக்கூஸின் லட்சணத்தைக் கலிஃபோர்னியாக்காரன் வந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும்! அதன்பிறகு, வல்லம் வடகாலில் 18,720 பெண்களுக்கு அரசு விடுதி கட்டி 2024இல் திறந்தது. நல்ல காரியம். ரோட்டை மறித்தால் கட்டிடம் எழும்பும் என்பதும் தெரிந்துபோயிற்று.

அதே 2024இல், கல்யாணமான பெண்களை ஃபாக்ஸ்கானில் அசெம்பிளி வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. பாகுபாடே கிடையாது என்றது கம்பெனி. எதற்கு இந்தச் சண்டை? பேசாமல் ஆளுக்கும் ஒரு சுங்க எண் கொடுத்துவிடலாம்: 'பெண், தமிழ்நாட்டுத் தயாரிப்பு. கல்யாணம் ஆகாதது. தாலி, மெட்டி நீக்கப்பட்டது. ஏஜென்சி வழியாக மட்டும் வழங்கப்படுவது. சங்கத்தில் சேராதது.' அஃறிணையில் எழுதுவதில் தப்பில்லை. நடத்துவது அப்படித்தானே?

சங்கத்தில் சேர்ந்தவர்கள் கதை பக்கத்திலிருக்கும் சாம்சங் ஆலையில் தெரிந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம். வெள்ளைக்காரன் 1926இல் போட்ட தொழிற்சங்கச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யச் சமூகநீதி அரசுக்கு அரை ஆண்டுக்கு மேல் பிடித்தது. 2025 ஜனவரியில்தான் எண் கொடுத்தார்கள். போராட்டப் பந்தலைப் பிரிக்கப் போலீசுக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. இதே அரசுதான் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்குச் சட்டத்திருத்தம் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் வாங்கிக்கொண்டு, தொழிலாளிக்கு வாழ்த்தும் சொன்னது. அந்த முகத்துக்கு எந்த மரத்து வெனீரோ!

முதலிடம் எத்தனை நாள் நிற்கும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2006இல் நோக்கியா வந்தது. அன்றும் இதே பெருமை, இதே பேனர். 2014 நவம்பர் 1 அன்று ஆலையில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் செட்டில்மென்ட் பணத்தோடு ஊர் திரும்பினார்கள்.

அமைச்சர் பெருமக்களே, அடுத்த ஏற்றுமதி அறிக்கையில் மூன்று வரி கூடுதலாகப் போடுங்கள்: காண்ட்ராக்டில் எத்தனை பேர், பிடித்தம் போகக் கையில் என்ன சம்பளம், ஒரு அறையில் எத்தனை பாய். அதையும் பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிட்டுக் காட்டிவிட்டு அப்புறம் பட்டாசு வெடியுங்கள்.