கோச்சி வராத ஊர்க்காரன் சொல்லுற புத்தி

பேராண்டி, மொறட்டுவையில படிச்சு முடிச்சு, ரயில் ஸ்டேஷனைச் சுத்தி டவுன் கட்டப் படம் போடுற ஆபீஸ்ல நீ உக்காந்திருக்கியாம். உங்க அம்மா லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறா. சந்தோசம். மடுல்சீமைப் புள்ள தண்டவாளத்தைப் பாக்கணும்னாலே பசறைக்கு எறங்கி, அங்க இருந்து பதுளைக்குப் போகணும். அப்பேர்ப்பட்ட ஊர்ல பொறந்தவன் கொழும்பு ரயிலுக்கு வழி சொல்லப் போயிருக்கன்னா, நாட்டுல ஆள் பஞ்சம் எந்த அளவுக்குன்னு தெரியுது.

சிரிக்காத. இந்தக் கெழவனுக்கு ரயிலைப் பத்தி என்ன தெரியும்னு மனசுல நெனைக்கிறதும் கேக்குது. தெமோதரையில கோச்சி ஒரு வட்டம் அடிச்சு, தன்னோட ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துல பூந்து வெளிய வருதே, அந்த யோசனை எங்க இருந்து வந்துச்சுன்னு கேளு. மேட்டுல இருந்து பாதையை எறக்க வழி தெரியாம எல்லாரும் முழிச்சுக்கிட்டு நின்னப்ப, தோட்டத்துக் கங்காணி ஒருத்தர் தலைப்பாகையை அவுத்துத் திரும்பச் சுத்திக் கட்டினாராம். அதைப் பாத்துத்தான் விமலசுரேந்திர இஞ்சினியருக்குப் பொறி தட்டுச்சுன்னு சொல்லுவாங்க. கதையோ நெசமோ, அதை விடு. கதையிலகூட இஞ்சினியருக்குப் பேரு இருக்கு, கங்காணிக்குப் பேரு இல்ல. அது மட்டும் நெசம். அதனால என் புத்தியையும் நீ பேரு போடாமலே எடுத்துக்கலாம். எங்களுக்குப் பழக்கம்தான்.

முதல் புத்தி. பிளான் போடும்போது, இந்த ரயில் யாருக்குன்னு மட்டும் வாயத் தொறந்து கேட்டுறாத. நம்ம மலைப் பாதையைப் போட்ட வெள்ளைக்காரன் அதைக் கேட்டதே இல்ல. 1867ல கண்டிக்கு வந்துச்சு, கோப்பி மூட்டையை எறக்க. 1885ல நானுஓயா, 1894ல பண்டாரவளை, எல்லாம் தேயிலைப் பெட்டிக்கு. பண்டாரவளையில இருந்து பதுளைக்கு வந்து சேர 1924 ஆச்சு. அம்புட்டுத் தூரத்துக்கு முப்பது வருசம். இப்ப உங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல் சுணங்கினா ஏன்டா பேசுறீங்கன்னு கேக்குறேன், அதுக்குப் பரம்பரை இருக்குல்ல. பெட்டிக்குப் போட்ட பாதையில சனம் தானா ஏறிக்கிச்சு, அம்புட்டுத்தான். 1964 ஒப்பந்தத்துக்குப் பொறகு எங்க சொந்தக்காரங்களை இந்தியாவுக்கு அனுப்பத் தலைமன்னாருக்கு ஏத்தி விட்டதும் அதே தண்டவாளத்துலதான். அழுகைக் கோச்சின்னு பேரு வச்சோம். ஆளை ஏத்துறதுக்குன்னு அரசாங்கம் மும்முரமா நின்னது அந்த ஒரு தடவைதான்னு நெனைக்கிறேன். ஆக, பெட்டியை வச்சே பிளான் போடு. அப்ப தேயிலைப் பெட்டி, இப்ப அடுக்குமாடிப் பெட்டி.

ரெண்டாவது, படத்தை நல்லாப் போடு. ஸ்டேஷன் வாசல்ல மரம் வரை, தண்ணி பீச்சுற தொட்டி வரை, வெள்ளைச் சட்டை போட்டவன் சைக்கிள் மிதிக்கிற மாதிரி வரை. புறக்கோட்டைக் கடையில மூட்டை தூக்கிட்டு ராத்திரி ஒம்பது மணிக்குப் போர்டிங்குக்கு வர்ற நம்ம தோட்டத்துப் பையனை வரைஞ்சிராத, படம் அழுக்காயிரும். களனிவெளிப் பாதையைத்தான் முதல்ல திருத்தப் போறோம்னு சொன்னல்ல? ரெண்டரை அடிச் சின்னப் பாதையா இருந்து, 1990கள்லதான் அகலமாச்சு. வளைவு எல்லாம் பழைய வளைவுதான். அதோட ஓரத்துல தண்டவாளத்துக்கும் அடுப்புக்கும் நடுவுல கையகல எடம் விட்டுக் குடும்பம் நடத்துற சனம் இருக்கு. அவங்களைத் தூரமா ஒரு மாடியில ஏத்தி விட்டுரு. ஸ்டேஷன் பக்கத்துக் காணி வெல ஏறும். அதுல வீடு வாங்குறவனுக்கு ஆளுக்கு ரெண்டு கார் நிப்பாட்ட எடம் குடு. ரயில்ல போறவன் ஸ்டேஷனை விட்டுத் தூரப் போயிருவான், கார் வச்சிருக்கிறவன் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல வந்துருவான். பொறகு ரயில்ல கூட்டம் இல்லன்னு ஒரு அறிக்கை எழுதலாம். உனக்கு அடுத்த வேலையும் ஆச்சு.

மூணாவது ரொம்ப முக்கியம். பஸ்ஸையும் ரயிலையும் ஒன்னாச் சேர விடாத. சேர்ந்தா சனம் நேரத்துக்கு வீடு போயிரும், பொறகு உங்களைத் திட்ட ஆள் இருக்காது. இந்த விசயத்துல கடல் தாண்டி ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ஒப்பந்தத்துல போன என் சித்தப்பா வழிப் பேரன் ஒருத்தன் சென்னைக்கு வெளிய ஊரப்பாக்கத்துல இருக்கான், போன்ல சொன்னான். கிளாம்பாக்கத்துல பெரிய பஸ் நிலையம் கட்டி 2023 டிசம்பர் கடைசியில தொறந்தாங்களாம். தெக்குப் பக்கம் போற பஸ் எல்லாம் அங்க இருந்துதான். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் மின்சார ரயில் ஓடுது. அந்த ஊர்ல மின்சார ரயில் 1931லயே வந்துருச்சு. ஆனா பஸ் நிலையம் தொறந்த அன்னைக்கு அதுக்கு எதுர ரயில் நிக்க ஒரு ஸ்டேஷன் இல்ல. முன்னாடி ஒரு ஸ்டேஷன் வண்டலூர், பின்னாடி ஒரு ஸ்டேஷன் ஊரப்பாக்கம். நடுவுல சனம் மூட்டையோட. யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுன கதைதான். ஸ்டேஷனும் நடைபாலமும் பொறகு கட்ட எடுத்துக்கிட்டாங்க.

நம்மகிட்டயும் ஒரு தப்பு நடந்துருக்கு, அதையும் சொல்லிர்றேன். கொட்டாவைக்குப் பக்கத்துல மாக்கும்புரவுல 2019ல ஒரு நிலையம் தொறந்தாங்க. அதிவேகப் பாதை பஸ், ஊர் பஸ், களனிவெளி ரயில், கார் நிப்பாட்டிட்டுப் போற எடம், எல்லாம் ஒரே வளவுல. எறங்கினவன் பத்து எட்டு வச்சு மத்ததுல ஏறலாம். எவனோ ஒருத்தன் யோசிச்சுச் செஞ்சிருக்கான். அந்த ஆளைக் கண்டுபிடிச்சு வேற எடத்துக்கு மாத்திறணும், இல்லன்னா எல்லா ஸ்டேஷனையும் அப்படியே செஞ்சிருவான்.

நல்லவேளை, நேர அட்டவணைன்னு ஒன்னு இருக்கு. அரசாங்கத்தோட இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே அட்டவணையில ஓடட்டும்னு சொல்லப் போய் 2025 ஆகஸ்டுல வேலைநிறுத்தமே வந்துச்சு. பஸ்ஸும் பஸ்ஸுமே பேசிக்கிறதில்ல. இதுல பஸ்ஸும் ரயிலும் பேசணும்னு நீ ஆசைப்பட்டா, முதல்ல கல்யாணத் தரகர் வேலை பழகிக்க.

நாலாவது, எதையும் முடிக்க அவசரப்படாத. மாலபேயில இருந்து கோட்டைக்கு இலகு ரயில்னு ஒன்னு பேசினாங்க ஞாபகமா? 15.7 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். 2019ல ஜப்பான்காரன் குறைஞ்ச வட்டிக்குக் கடன் தர்றேன்னு கையெழுத்து வச்சான். 2020 செப்டம்பர்ல, செலவு கூடன்னு சொல்லி மேல இருந்து நிப்பாட்டச் சொல்லிட்டாங்க. ரயில் ஓடல, ஸ்டேஷன் வரல, அதுக்குள்ள சுத்தி வரப் போற மாடிகளுக்கு விளம்பரம் மட்டும் ரோட்டோரம் நின்னுச்சு. சென்னையிலயும் பறக்கும் ரயில்னு ஒன்னு இருக்காம். கடற்கரையில இருந்து மயிலாப்பூருக்கு 1997, வேளச்சேரிக்கு 2007. அங்க இருந்து பரங்கிமலைக்கு அஞ்சு கிலோமீட்டர் நீட்டப் போய், காணி வழக்குல மாட்டி வருசக் கணக்கா பாலம் நடுவுலயே நின்னுச்சு. ஸ்டேஷனுங்க ஒவ்வொன்னும் அரண்மனை மாதிரி கட்டி, உள்ளுக்குக் கடையும் இல்லாம வெளிச்சமும் இல்லாம கெடந்துச்சாம். பொம்பளப் புள்ளைங்க அந்திக்கு மேல ஏறப் பயந்தாங்களாம். கான்கிரீட்டை எவ்வளவும் கொட்டு, ஆனா ஒரு டீக்கடை வர விட்டுறாத. டீக்கடை இருந்தா ஆள் நிக்கும், ஆள் நின்னா பயம் போயிரும்.

ஜப்பான்காரன்னு சொன்னதும் ஒன்னு. ஒசாகா பக்கம் கோபயாஷின்னு ஒருத்தர் 1910ல ரயில் விட்டாராம், நீதான் போன தீபாவளிக்கு வந்தப்ப சொன்ன. வயக்காட்டு நடுவுல பாதையைப் போட்டு, ஓரத்துல வீடு கட்டி மாசத் தவணைக்கு வித்தாராம். 1929ல கடைசி ஸ்டேஷன்லயே பெரிய கடை கட்டினாராம். கடையிலயும் வீட்டுலயும் வந்த லாபம் ரயில் நடத்துற கம்பெனிக்கே போச்சு. உங்க ஆபீஸ்ல அந்தக் கடையோட போட்டோவை மட்டும் எடுத்து ஒட்டியிருக்கீங்க. லாபம் எந்தப் பக்கம் போகணும்ங்கிற பக்கத்தைக் கரையான் தின்னுருச்சு போல.

அஞ்சாவது புத்தியை நம்ம மாவட்டத்துலயே காட்டுறேன். ஸ்டேஷனைச் சுத்தி ஊர் எப்படி வளரணும்னு தெரியணுமா, எல்லவுக்குப் போ. 1921ல கட்டின ஒம்பது கண் பாலத்துல படம் புடிக்க வெள்ளைக்காரப் புள்ளைங்க வருதுங்க. யாரும் பிளான் போடல, ஊர் தன்னால வளந்துச்சு. மலைச் சரிவுல ஒன்னுக்கு மேல ஒன்னா ஹோட்டல். மண்ணு சரியும்னு எச்சரிக்கை குடுத்த எடத்துலயும் கட்டினாங்க. நம்ம ரோபெரித் தோட்டத்துப் பையன்கள் அங்க போய்க் கோப்பை கழுவுறாங்க, கை நெறையச் சம்பளம், வேணாம்னு சொல்லல. ஆனா பதுளையில இருந்து ஆசுபத்திரிக்குக் கண்டி போற கெழவிக்குக் கோச்சியில குந்த எடம் இல்ல. வாசல் படி பூரா போட்டோ எடுக்குற ஆளுங்க காலத் தொங்கப் போட்டுக்கிட்டு.

இந்த அஞ்சாவதுல மட்டும் நையாண்டி வராது பேராண்டி. 2025 நவம்பர் கடைசியில தித்வா புயல் வந்து மலைப் பாதையை எத்தனை எடத்துல அறுத்துப் போட்டுச்சுன்னு நீயே பாத்த. மலை எறங்கி வந்து தண்டவாளத்துல உக்காந்துக்கிச்சு. தோட்டத்துல நாங்க கொழுந்து பறிக்கிறதுக்கு முன்ன கான் வெட்டுவோம். மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு முதல்ல முடிவு செஞ்சுட்டுத்தான் கன்னு வைப்போம். மேட்டுல கான் அடைஞ்சா பள்ளத்துல லயம் போகும்னு எந்தக் கான் வெட்டுக்காரனுக்கும் தெரியும். ஸ்டேஷனைச் சுத்திக் கட்டடம் வரட்டும். ஆனா படத்துல முதக் கோடு கானா இருக்கணும். கொழும்புலயும் அதேதான். சதுப்பை மூடி மாடி கட்டினா மழைக்கு ஸ்டேஷனே கொளமாயிரும்.

சரி, கேலி போதும். செய்யிற மாதிரி நாலு விசயம் சொல்றேன், எழுதிக்க. படம் வரையிறதுக்கு முன்ன, விடியக் காலையில ஏதாவது ஒரு ஸ்டேஷன் வாசல்ல போய் நில்லு. சனம் எந்தப் பக்கம் இருந்து வருதோ, அந்தப் பக்கமும் ஒரு வாசல் வை. வேலி ஓட்டையில பூந்து தண்டவாளத்தைத் தாண்டுற சனம் முட்டாள் இல்ல, வாசல் வச்சவன்தான் வழி தெரியாதவன். ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற பாதைக்கு வெளக்கும், மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும், சுத்தமான கக்கூசும் வை. அடுக்குமாடி கட்ட எடம் குடுத்தா, அதுல ஒரு பங்கு வீட்டை மூட்டை தூக்குறவனும் கார்மெண்ட்ஸ் புள்ளையும் குடுக்கக்கூடிய வாடகைக்கு ஒதுக்கி வை. அதைப் பேச்சுல வைக்காத, காணி உறுதியில எழுதி வை. கடை வாடகையில வர்ற சல்லியை அந்த ரயிலுக்கே திருப்பு.

கடைசியா நம்ம ஊரையும் சேத்துக்க. கொழும்புல இருந்து வர்ற கோச்சி பதுளையோட நின்னுரும், கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். அங்க ஸ்டேஷன் ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்டு டவுனுக்குள்ள. கோச்சி சுணங்கினா மடுல்சீமை பஸ் நிக்காது. மூட்டையும் புள்ளையுமா ஓட்டோக்காரன்கிட்ட வெல பேசிக்கிட்டு நிக்கிறோம். பசறைக்கு அந்தப் பக்கம் 13ஆம் கட்டையில 2021ல பஸ் பள்ளத்துல விழுந்து எத்தனை உசுரு போச்சுன்னு உனக்குத் தெரியும். ராத்திரியில அவசரப்பட்டு ஓட்டுற ரோடு இல்ல இது. ரயில் ஊருக்கு ஊர் வரணும்னு யாரும் கேக்கல. எறங்குற எடத்துல ஒரு பஸ் காத்து நிக்கணும், அம்புட்டுத்தான். அதுக்குச் சுரங்கமும் வேணாம், ஜப்பான் கடனும் வேணாம்.

கோச்சி சுணங்குற அன்னைக்கு, கடைசி பஸ்ஸைப் பத்து நிமிசம் நிப்பாட்டி வைக்கிற அதிகாரம் எந்த ஆபீஸ்ல எந்த மேசையில இருக்குன்னு முதல்ல கண்டுபிடி. அந்த ஆளை உன் முதல் கூட்டத்துக்குக் கூப்பிடு. மரமும் தண்ணித் தொட்டியும் அடுத்த கூட்டத்துல வரையலாம்.