ஒரே ஃபேமிலி, ஒரு மாமியார்

"நாம எல்லாம் ஒரே ஃபேமிலி" என்று டவுன்ஹால் மீட்டிங்கில் மைக் பிடிக்காத தலைவர் உண்டா? குடும்பம்தான், மறுக்கவில்லை. மாமியார் யார் என்பதை மட்டும் ஆஃபர் லெட்டரில் போடுவதில்லை.

எதிர்பார்ப்பு வானளவு இருக்கட்டும். கறாராக வேலை வாங்கி, கூட நின்று சொல்லிக்கொடுத்தவர்களிடம்தான் பலரும் தொழில் கற்றார்கள். இங்கே நடப்பது வேறு. எட்டுப் பேர் வேலையை ஐந்து பேர் தலையில் கட்டுவார்கள். ஆள் கேட்டால் "ஓனர்ஷிப் எடுங்கப்பா" என்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு மெயில் வரும்: திங்கள் காலை கிளையன்ட் பார்க்கணும். அனுப்பியவர் அப்போதே ஈசிஆரில் பாதி தூரம் போயிருப்பார். ஞாயிறு நள்ளிரவில் வேலையை முடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பதிலுக்கு ஒரு மஞ்சள் கட்டைவிரல். அதற்குப் பெயர் ஆதரவு. போதாதென்றால் மன அழுத்தம் போக்கும் வகுப்பு இருக்கிறது. சனிக்கிழமை, வருகை கட்டாயம்.

பெரிய இடத்திலும் இதே பாட்டுதான். வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிறும் வர வேண்டும், வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்று எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் கேட்டது 2025 ஜனவரியில் ஊரெல்லாம் பரவியது. 2023-24இல் அவர் வாங்கியது சுமார் 51 கோடி ரூபாய்; அங்குள்ள ஊழியர்களின் நடுமட்டச் சம்பளத்தைப்போல் 534 மடங்கு. உழைப்பிலும் அதே விகிதத்தைக் காட்டியிருப்பார், பாவம்; வாரத்துக்கு 168 மணி நேரம்தான் என்று இயற்கை சதி செய்துவிட்டது.

அரசு மட்டும் சளைத்ததா? 1923இல் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சென்னையில், சரியாக நூறாவது ஆண்டில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. நூற்றாண்டு விழாவுக்கு மொய்! தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழுந்த பிறகே அது வாபஸ் ஆனது.

மார்ச்சில் அப்ரைசல். ஐந்து பேரும் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாலும் ஒருவர் கடைசி ரேட்டிங் வாங்கியே தீர வேண்டும்; பெல் கர்வ் சாமிக்கு ஆண்டுக்கொரு கிடா. கிளையன்ட் கத்திய அன்று கேமராவை அணைத்துவிட்டுப் பதுங்கியவர், இன்று எதிரே உட்கார்ந்து உதட்டைப் பிதுக்குகிறார்: "உங்ககிட்ட இன்னும் எதிர்பார்த்தேன்."

நாங்களும்தான் எதிர்பார்த்தோம், சார். ஜூனில் கேட்ட அந்த மூன்று ஆட்களை.