துண்டுக்குள் பேசிய விலை

மாட்டுச் சந்தையில் தரகர்கள் கையின்மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை யாருக்கும் தெரியாது. அந்தக் கலையில் நான் அறிந்த மிகப் பெரிய கைகாரர் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருந்தார். பெயர் நிக்கோ ஹாரிசன். நைக்கி நிறுவனத்தில் உயர் பதவி வகித்தவர். 2021இல் டல்லாஸ் மாவெரிக்ஸ் கூடைப்பந்து அணிக்குப் பொது மேலாளராக வந்தார். அவரைத் திட்டாத வாய் டல்லாஸில் இல்லை. அந்த மனிதரிடம் இருந்த குணங்களை ஒருவராவது எண்ணிச் சொல்ல வேண்டும்.

முதலில் அவருடைய வாய்க்கட்டு. 2025 ஜனவரி 7ஆம் தேதி டல்லாஸில் ஒரு காப்பிக்கு எதிரெதிரே அமர்ந்து அவரும் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் பொது மேலாளர் ராப் பெலிங்காவும் பேச்சைத் தொடங்கினார்கள். முடிவதற்கு மூன்றரை வாரத்துக்கு மேல் ஆனது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் எதுவும் மறைவாக இருக்காது. எந்த வீரர் எந்த விடுதியில் சாப்பிட்டார் என்பதுகூட அன்றிரவே ஊருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இந்தப் பேச்சில் ஒரு சொல்கூடக் கசியவில்லை. தன் அணியின் பயிற்சியாளர் ஜேசன் கிட்டுக்கே கடைசி நேரத்தில்தான் சொன்னார். கைமாறப்போகிற வீரர்களுக்கும் தெரியாது. பிப்ரவரி 1, சனிக்கிழமை, நள்ளிரவை நெருங்கும் வேளையில் ஷாம்ஸ் சரானியா என்ற செய்தியாளர் விஷயத்தை வெளியிட்டபோது, அவருடைய சமூக ஊடகக் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் உலகம் நினைத்தது. ‘இது உண்மைதான்’ என்று அவர் இன்னொரு முறை எழுத வேண்டியிருந்தது. அவ்வளவு கச்சிதமான காவல்.

செய்தி இதுதான். டல்லாஸின் நட்சத்திர வீரர் லூக்கா டோன்சிச் லேக்கர்ஸுக்குப் போகிறார். அவரோடு மாக்சி கிளீபரும் மார்கீஃப் மாரிஸும் போகிறார்கள். டல்லாஸுக்கு ஆந்தனி டேவிஸும் மாக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞரும் வருகிறார்கள். கூடவே, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் லேக்கர்ஸின் 2029ஆம் ஆண்டு முதல் சுற்று உரிமை ஒன்று.

ஒன்றுதான்.

இங்கே ஹாரிசனின் போதுமென்ற மனத்தைச் சொல்லியாக வேண்டும். 2024 கோடையில் நியூயார்க் நிக்ஸ் அணி மிக்கல் பிரிட்ஜஸ் என்ற வீரருக்காக ஐந்து முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்தது. பிரிட்ஜஸ் நல்ல ஆட்டக்காரர், உழைப்பாளி. ஆனால் அதுவரை ஒரு முறைகூட ஆல்ஸ்டார் அணியில் இடம்பெறாதவர். டோன்சிச் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து லீக்கின் முதல்தர ஐவரில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முந்தைய பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முதலிடம். அதே பருவத்தில் அட்லாண்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள். வயது 25. அப்படிப்பட்டவருக்கு ஹாரிசன் கூடுதல் விலை கேட்கவில்லை. வேறு யாரிடமும் போய் நிற்கவும் இல்லை. சந்தையில் துண்டு போட்டுப் பேசுகிற விவசாயிகூடத் தரகர்களை ஒருவர்பின் ஒருவராகக் கூப்பிட்டு அவர்கள் விரலைப் பிடித்துப் பார்ப்பான். ஹாரிசன் ஒரே ஒரு கையைப் பிடித்தார், அதோடு நிறுத்திக்கொண்டார். பலரிடம் கேட்டால் ரகசியம் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். ரகசியத்தைக் காப்பதற்காக விலையை விட்டுக்கொடுத்தார். சொன்ன சொல்லுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்த ஒரு நிர்வாகியை நான் பார்த்ததில்லை.

அவருடைய முன்யோசனை அடுத்தது. டோன்சிச்சின் எதிர்காலம் நிச்சயமில்லாமல் இருக்கிறது என்று அவர் நினைத்தார். வருகிற கோடையில் அந்த வீரருக்குச் சூப்பர்மேக்ஸ் எனப்படும் உச்ச ஒப்பந்தம் தர வேண்டியிருக்கும். ஐந்தாண்டுக்கு ஏறக்குறைய 34.5 கோடி டாலர். அந்தப் பேச்சில் கொந்தளிப்பு வரும், அதனால் முந்திக்கொண்டோம் என்றார். வராத கோடைக்காகக் குளிர்காலத்திலேயே கவலைப்பட்ட பொறுப்புணர்ச்சி அது. போகிறேன் என்று டோன்சிச் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த நகரத்தில் வீடு வாங்கியிருந்தார், வேரூன்றிக்கொண்டிருந்தார். தன் எதிர்காலத்தைப் பற்றி அவருக்கு எந்த ஐயமும் இல்லாதிருந்தபோது, ஐயப்படுகிற வேலையை அவருக்காக ஹாரிசனே ஏற்றுக்கொண்டார். லீக்கின் விதிப்படி அந்த உச்ச ஒப்பந்தம் தன்னை வளர்த்தெடுத்த அணியோடு இருக்கும் வீரருக்குத்தான் கிடைக்கும். அணி மாறிய நிமிடமே அந்தத் தகுதி போய்விட்டது. 2025 ஆகஸ்டில் லேக்கர்ஸோடு அவர் கையெழுத்திட்டது மூன்றாண்டுக்கு 16.5 கோடி டாலர். இவ்வளவு பெரிய தொகைகளைப் பார்த்து யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லைதான். ஆனால் ஒருவனுடைய உழைப்பின் பலனைப் பற்றிய முடிவு, அவன் இல்லாத மேசையில், அவனுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வீரர்களும் அணிகளை உலுக்குவதுண்டு. இதே ஆந்தனி டேவிஸ் 2019 ஜனவரியில், பருவத்தின் நடுவில், நியூ ஆர்லியன்ஸ் அணியிடம் என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டவர். டோன்சிச் கைமாறிய அதே வாரத்தில் ஜிம்மி பட்லர் மயாமியோடு சண்டை போட்டு கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். அது வேறு கதை. கேட்கும் வலு இருந்தது, கேட்டார்கள். வலு இல்லாதவர்களைப் பாருங்கள். டென்னிஸ் ஷ்ரோடர் அந்தப் பருவத்தைப் புரூக்ளினில் தொடங்கினார், டிசம்பரில் கோல்டன் ஸ்டேட் போனார், பிப்ரவரியில் யூட்டா வழியாக டெட்ராய்ட் போய்ச் சேர்ந்தார். டால்டன் நெக்ட் என்ற முதலாண்டு வீரரை லேக்கர்ஸ் ஷார்லட்டுக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்த மார்க் வில்லியம்ஸ் மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை என்று பேரத்தையே ரத்து செய்தார்கள். ஓரிரு நாளுக்கு முன் விடைகொடுத்து அனுப்பிய அதே உடைமாற்றும் அறைக்கு அந்தப் பையன் திரும்ப வந்து நின்றான். பரிமாற்றத்தைத் தடுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட வீரர்கள் அப்போது மொத்த லீக்கிலும் இரண்டே பேர், லெப்ரான் ஜேம்ஸும் பிராட்லி பீலும். மற்ற எல்லோரும் பெட்டியைக் கட்டியே வைத்திருக்க வேண்டியவர்கள்.

டோன்சிச் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் பிறந்தவர். 13 வயதில் ரியல் மாட்ரிட் அணிக்குப் போனார். பத்தொன்பதில் டல்லாஸ் வந்தார். அவர் வந்த முதல் பருவம், டிர்க் நோவிட்ஸ்கியின் கடைசிப் பருவம். நோவிட்ஸ்கி 21 ஆண்டுகள் ஒரே அணிக்கு ஆடியவர். அரங்கத்தின் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஜெர்மானியர் ஒருவர் விட்ட இடத்தில் ஸ்லோவேனியர் ஒருவர் தொடங்கினார். டெக்சஸ்காரர்கள் இரண்டு பேரையும் தங்கள் பிள்ளைகளாக வரித்துக்கொண்டார்கள். அந்த ஓராண்டு ஒரே நீலச் சட்டையில் இருவரும் சேர்ந்து ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு குடும்பம் கைமாறுவதுபோல இருந்தது. 2024இல் டோன்சிச் அந்த அணியை இறுதிச் சுற்றுவரை இழுத்துப்போனார். அந்த வழியில் மினசோட்டாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நொடிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. எதிரே ரூடி கோபேர், நான்கு முறை லீக்கின் சிறந்த தற்காப்பாளர் விருது பெற்றவர். டோன்சிச் முன்னால் போவதுபோலப் போக்குக்காட்டிப் பின்னால் ஓர் அடி வைத்து மூன்று புள்ளி எறிந்தார். வெற்றி.

தற்காப்புதான் பட்டம் தரும் என்பது ஹாரிசனின் கொள்கை. டோன்சிச் தற்காப்பில் சோம்பல், உடலைப் பேணுவதில்லை என்ற பேச்சு இருந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. கெண்டைக்கால் தசைக் காயத்தால் கிறிஸ்துமஸ் முதல் அவர் ஆடவுமில்லை. டேவிஸ் தற்காப்பில் மலை. ஆகவே ஹாரிசன் தன் கொள்கைக்கு உண்மையாக நடந்துகொண்டார். அவர் சொன்னதும் பலித்தது. பிப்ரவரி 8ஆம் தேதி ஹூஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் டேவிஸ் 26 புள்ளி, 16 ரீபவுண்டு, 7 அசிஸ்ட் எடுத்தார். ஹாரிசன் கண்ட கனவு அச்சு மாறாமல் தரையில் இறங்கி நடந்தது. மூன்றாவது கால் பகுதி முடிவதற்குள் டேவிஸ் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். ஆறு வாரம் ஆடவில்லை. அதற்குள் மார்ச் 3ஆம் தேதி டல்லாஸின் இன்னொரு நட்சத்திரமான கைரி இர்விங்கின் முழங்கால் தசைநார் அறுந்தது. காயத்தை ஹாரிசன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனால் 31 வயதான, காயங்களுக்குப் பேர்போன ஒருவரை நம்பி 25 வயதுக்காரரைக் கொடுத்த அந்தத் துணிச்சல் அவருடையது, அதை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

அவருடைய உண்மை பேசும் குணத்தையும் விட்டுவிடக் கூடாது. பருவம் முடிந்து, ஏப்ரலில் செய்தியாளர்களிடம் பேசும்போது, ரசிகர்களுக்கு லூக்காவை இந்த அளவுக்குப் பிடிக்கும் என்று தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்ற கருத்தில் ஒப்புக்கொண்டார். எத்தனை நிர்வாகிகள் இப்படி ஒப்புக்கொள்வார்கள்? நான்காண்டு அதே கட்டடத்தில் வேலை. இரவுக்கு இரவு ஏறக்குறைய இருபதாயிரம் பேர், பாதிப் பேர் முதுகில் டோன்சிச்சின் 77ஆம் எண். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் சட்டையிலும் 77. அதையெல்லாம் தாண்டித்தான் தன் அறைக்குப் போயிருக்க வேண்டும். தெரியாது என்று அவர் சொன்னபோது நான் அதை அப்படியே நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். பொய் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார் என்று யாராவது சொன்னால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன்.

பரிமாற்றம் நடந்த மறுநாள் ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே ஒரு சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நோவிட்ஸ்கியின் சிலையடியில் கூடி நின்றார்கள். அன்றைக்கே கிளீவ்லாந்தில் ஆடிய மாவெரிக்ஸ் 144-101 என்று தோற்றது. அதைவிட எனக்கு வலித்தது பிப்ரவரி 10. லேக்கர்ஸ் சட்டையில் டோன்சிச் இறங்கிய முதல் ஆட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கில் பார்வையாளர்களுக்கு நடுவே நோவிட்ஸ்கி உட்கார்ந்திருந்தார். 21 ஆண்டு டல்லாஸை விட்டு அசையாத மனிதர், அந்த இரவு பையன் எங்கே இருந்தானோ அங்கே போயிருந்தார்.

ஏப்ரல் 9ஆம் தேதி டோன்சிச் டல்லாஸுக்கு எதிரணி வீரராக வந்தார். ஆட்டத்துக்கு முன் அவருடைய நினைவுகளைத் தொகுத்த காணொளி ஒன்றை ஓடவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தவர் கண்ணீரை அடக்க முடியாமல் துண்டில் முகத்தைத் துடைத்தார். பிறகு எழுந்து போய் 45 புள்ளிகள் எடுத்தார். தன்னை அனுப்பிவைத்த வீட்டில், தன்னை அனுப்பாத மக்கள் முன்னால். ஒவ்வொரு கூடைக்கும் சொந்த ஊர்க் கூட்டம் எதிரணிக்காக எழுந்து நின்றது, நடுநடுவே ஹாரிசனை நீக்கு என்று கத்தியது. லேக்கர்ஸ் 112-97 என்று வென்றது. ஹாரிசன் அன்று வராமல் இருந்திருக்கலாம். வந்தார். வீரர்கள் வெளியே வரும் சுரங்க வழியில் இருந்து அத்தனையையும் பார்த்தார். தான் செய்ததைத் தன் கண்ணாலேயே பார்க்கிற நெஞ்சுரம் எல்லோருக்கும் வராது.

மாவெரிக்ஸ் 39 வெற்றி, 82இல் மிச்சம் 43ம் தோல்வி என்று முடித்து, பிளேஇன் எனப்படும் தகுதிச் சுற்றில் மெம்பிஸிடம் தோற்று வெளியேறியது. ஆனால் அதிர்ஷ்டமும் ஹாரிசன் பக்கம் இருந்தது. மே மாதம் டிராஃப்ட் குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதலிடம் விழுந்தது. கூப்பர் ஃபிளாக் என்ற 18 வயது ஆட்டக்காரர் கிடைத்தார். இதுவும் திட்டத்தின் பகுதிதான் என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு வந்தது. ஊர் நம்பவில்லை. புதிய பருவத்திலும் ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவின்போதும் அவருடைய பெயர்தான் அரங்கில் முழங்கியது, ஆடுகிறவர்களின் பெயர் அல்ல.

3 வெற்றி, 8 தோல்வி என்ற நிலையில், 2025 நவம்பர் 11ஆம் தேதி அணி உரிமையாளர் பாட்ரிக் டூமாண்ட் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். முந்தைய இரவு ஆட்டத்தில் டோன்சிச்சின் லேக்கர்ஸ் சட்டையை அணிந்துவந்த இளைஞன் ஒருவனிடம், அந்தப் பரிமாற்றத்தை நினைத்தால் தனக்கும் வேதனையாகத்தான் இருக்கிறது என்று டூமாண்ட் பேசிக்கொண்டிருந்ததாகச் செய்தி வந்தது. ஹாரிசனை அனுப்பப்போகிறார்கள் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. டல்லாஸில் அந்த ஆண்டு முன்கூட்டியே கசிந்த பெரிய செய்தி அது.