ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்!

கேள்வி: நானே பாகங்கள் வாங்கி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். எல்லாம் ஓடுகிறது, ஹார்ட் டிஸ்க் மட்டும் கண்ணிலேயே படவில்லை. என் ஜாதகத்தில் கோளாறா?

பதில்: ஜாதகம் கிடக்கட்டும், டிஸ்க்குக்குச் சாப்பாடு, அதாவது கரண்ட், போட்டீர்களா? சாட்டா டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்: 7 பின் பேச, 15 பின் சாப்பிட. இரண்டாவதை மறந்துவிட்டு மூடியைத் திருகுகிறவர்கள் உண்டு. (அடியேனும்தான், ஒரு ஞாயிறு முழுக்க.)

வயிறு நிறைந்தும் பயாஸில் காணோமா? மதர்போர்டு மேனுவலைப் புரட்டுங்கள். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி செருகினால், ஒரு சாட்டா போர்ட் சத்தமில்லாமல் படுத்துவிடும். கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

பயாஸில் தெரிந்து, விண்டோஸில் மட்டும் தெரியவில்லையென்றால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இனிஷியலைஸ் செய்து ஃபார்மட் பண்ணுங்கள். புது டிஸ்க்காக இருந்தால் மட்டும்! கல்யாண போட்டோ இருக்கும் பழைய டிஸ்க் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.