கணக்குப் பாடத்துக்கும் ஒரு குறுவட்டப் போட்டி

பெறுநர்: தமிழ்நாடு அரசு, பள்ளிக் கல்வித் துறை.

பொருள்: குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் வெற்றிகரமாக நடைமுறையில் உள்ள வடிகட்டும் முறையை மற்ற பாடங்களுக்கும் விரிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.



குழந்தைகளை ஓடியாடச் சொன்ன கவிஞரின் பெயரிலேயே பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளை நடத்தி வருகிறீர்கள். குறுவட்டத்தில் ஜெயித்தவர்கள் மட்டும் ஓடியாடலாம் என்று அவர் நிபந்தனை எதுவும் போடவில்லை; அந்தக் குறையைத் துறை நிவர்த்தி செய்திருக்கிறது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏணி ஏறுகிறது. அதற்கும் மேலே, 1954-இல் தொடங்கிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமத்தின் தேசியப் போட்டி. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகளும் தெளிவாக உள்ளன. உச்சியில் நிற்கும் கபடி அணியின் பன்னிரண்டு பேரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், படமெடுக்கலாம், பொன்னாடை போர்த்தலாம். ஏணியின் முதல் படியில் என்ன நடக்கிறது என்பதுதான் அவ்வளவாக யார் கண்ணிலும் படுவதில்லை. அந்தப் படியைப் புகழ்ந்து எழுதவே இக்கடிதம்.

ஒரு குறுவட்டத்தில் 16 பள்ளிகள் கபடிக்குப் பெயர் கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குழு விளையாட்டுகளுக்கு வழக்கம்போல் நாக் அவுட். மொத்தம் 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும், நான்கு அணிகள் இரண்டு ஆட்டங்களோடு. இறுதி ஆட்டம் ஆடும் இரண்டு அணிகளுக்கு மட்டும் நான்கு ஆட்டங்கள். ஜெயித்த அணிக்கு அடுத்து மாவட்டம், அங்கேயும் ஆட்டங்கள். ஏற்கெனவே வயிறு நிறைந்தவர் இலையிலேயே திரும்பத் திரும்பப் பரிமாறும் பந்தி இது. தோற்ற அணியின் ஆண்டுக் கணக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். காலை எட்டு மணிக்கே டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். போன வருஷத்து அக்காக்களின் ஜெர்சி, முதுகில் இருந்த எண் பாதி உரிந்துபோய். சிறப்பு விருந்தினர் வந்து புறாவைப் பறக்கவிட்டு, கொடியேற்றி, பேசி முடிப்பதற்குள் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்துவிடுகிறது. பாதிக்கு 15 நிமிடம் என்று இரண்டு பாதி, நடுவில் ஐந்து நிமிடம் ஓய்வு. பன்னிரண்டு பேரில் களத்தில் இறங்குவது ஏழு பேர். மீதி ஐந்து பேர் தண்ணீர் பாட்டிலையும் செருப்பையும் காத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆக, அந்தப் பள்ளியின் ஓராண்டுப் போட்டிக் கபடி முப்பது நிமிடம், அதுவும் ஏழு பேருக்கு. அணியிலேயே இடம் கிடைக்காத மற்ற பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

இவ்வளவு சிக்கனமான முறையை விளையாட்டோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை என்பதே எனது பணிவான கருத்து. கணக்குப் பாடத்துக்கும் ஜூலை மாதத்தில் ஒரு குறுவட்டப் போட்டி வையுங்கள். பள்ளிக்குப் பன்னிரண்டு பேர் வரட்டும், ஏழு பேர் எழுதட்டும். முதல் சுற்றில் தோற்ற பள்ளிகள் அந்த ஆண்டுக்கு அல்ஜீப்ராவை மூட்டை கட்டி வைத்துவிடலாம். மாவட்டத்துக்குப் போன மாணவருக்குத் தொடர்ந்து பாடம் நடத்தலாம். அவருக்குத்தான் கணக்கு ஏற்கெனவே நன்றாக வருகிறதே. மிச்சமாகும் கணக்குப் பாடவேளைகளை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டால், இத்தனை ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியர்கள் கடன் வாங்கிய பி.டி. பீரியடுகளில் ஒரு பகுதியாவது வட்டியில்லாமல் திரும்பி வரும். பெற்றோர் கொதித்தெழுவார்கள், உண்மைதான். கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும், விளையாட்டு திறமைசாலிக்குத்தானே என்பார்கள். துறையின் கால அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. உடற்கல்வி எல்லா மாணவருக்குமான பாடவேளையாகத்தான் அதில் இருக்கிறது. போட்டி என்று வந்ததும் அது ஆள் தேர்வாக மாறிவிடுகிறது.

சரி, ஆள் தேர்வு என்றே வைத்துக்கொள்வோம். திறமையைக் கண்டுபிடிக்க வடிகட்டித்தானே ஆக வேண்டும் என்று துறை கேட்கலாம். அந்த வேலையையாவது நாக் அவுட் ஒழுங்காகச் செய்கிறதா? ஆலிஸ் கதையை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். டென்னிஸ் போட்டிகளில் பரிசு கொடுக்கும் முறை அபத்தம் என்று 1883-லேயே சிறு நூல் எழுதி நிறுவியிருக்கிறார். அவர் வாதத்தை நம் 16 பள்ளிகளுக்குப் பொருத்திப் பாருங்கள். சீட்டுக் குலுக்கி அட்டவணை போடும்போது, இரண்டாவது சிறந்த அணி முதல் அணி இருக்கும் பாதியிலேயே விழுவதற்கு 15-க்கு 7 வாய்ப்பு. அதாவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பில் அந்த அணி இறுதி ஆட்டத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிவிடும். முதல் சுற்றிலேயே ஏறினாலும் ஏறலாம். அதுவும் விளையாட்டு விடுதி மாணவர்கள் படிக்கும் பள்ளி அந்தக் குறுவட்டத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். தினமும் காலை மாலை பயிற்சி எடுக்கும் அணியும், மைதானமே இல்லாத உயர்நிலைப் பள்ளியின் அணியும் ஒரே கோட்டில் நிற்கும். அணி முழுவதும் அவுட்டாகும் லோனா ஒன்றன்மேல் ஒன்றாக விழும். விடுதி அணிக்கு அதில் பயிற்சியும் இல்லை, எதிரணிக்குப் பாடமும் இல்லை. வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. வயது வரம்புத் தேதிக்குப் பின் முதல் சில மாதங்களில் பிறந்த பிள்ளைகள் உயரமும் எடையும் கூடியிருப்பதால் அணிகளில் அதிகம் இடம் பிடிக்கிறார்கள் என்பது கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை வைத்து 1980-களிலேயே காட்டப்பட்டது. (நம் ஊரில் தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்த ஜூன் மாதப் பிறந்த தேதிகள் ஏராளம் என்பதால் இதை இங்கே சோதிப்பது சிரமம்.) பதின்மூன்று வயதில் குள்ளமாக இருப்பவன் பதினாறில் எப்படி இருப்பான் என்று ஒரு ஆட்டம் சொல்லிவிடாது.

பணமில்லை, மைதானமில்லை என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி உண்மை. மாநிலப் போட்டி நடத்தச் செலவாகும்: தங்குமிடம், சாப்பாடு, பயணப்படி. குறுவட்டத்துக்குள் ஆடுவதற்கு அது எதுவும் வேண்டாம். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் எட்டை எடுத்து நான்கு நான்காகப் பிரித்து லீக் முறையில் ஆடவிட்டால் 12 ஆட்டங்கள், அரையிறுதியும் இறுதியும் சேர்ந்து 15. ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் கிடைக்கும். நாக் அவுட்டில் இதே எட்டுப் பள்ளிக்கு ஏழு ஆட்டங்கள்தான். கூடுதலாக வேண்டியது எட்டு ஆட்டங்கள், இரண்டு மூன்று சனிக்கிழமைகள், ஒரு விசில். கபடிக்கும் கோ-கோவுக்கும் புல்தரையா கேட்கிறோம்? உண்மையான தட்டுப்பாடு உடற்கல்வி ஆசிரியர்களுக்குத்தான். இருக்கும் ஒருவரைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசை சரிசெய்யவும், தாமதமாக வருபவர்களை வாசலில் நிறுத்தவும் பயன்படுத்திவிட்டு, ஆளில்லை என்று சொல்வதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது.

வெளிநாட்டிலும் நாக் அவுட் இல்லையா என்று யாராவது ஜப்பானைக் காட்டுவார்கள். இருக்கிறது. அங்கே கோடைக்கால உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டி 1915 முதல் நடக்கிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து 49 அணிகள் கோஷியென் மைதானத்துக்கு வருகின்றன. தோற்றவர்கள் அழுதுகொண்டே அந்த மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போவதை நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது. ஆனால் அதே ஜப்பான், கால்பந்தில் ஒரே ஆட்டத்தோடு பிள்ளைகளை அனுப்புவது சரியில்லை என்று 18 வயதுக்குட்பட்டோருக்குப் பல அடுக்கு லீக் முறையைக் கட்டியது. 2011-இல் தேசிய அளவில் பிரீமியர் லீக் வந்தது, அதன் கீழே வட்டார லீக், அதற்கும் கீழே மாகாண லீக். ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. ஆனால் ஆட்டம் நிற்பதில்லை. ஒரே பள்ளியின் இரண்டாவது அணிகூடக் கீழ் அடுக்கில் ஆடலாம். அமெரிக்கப் பள்ளிகளில் முதல் அணிக்குக் கீழே இளையோர் அணி, புதியவர் அணி என்று தனித்தனி ஆட்ட அட்டவணை உண்டு. அவ்வளவு தூரம் போவானேன், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் ‘வடக்கின் பெரும் சமர்’ கிரிக்கெட் ஆட்டத்துக்கு எந்தக் குறுவட்டத்திலும் தகுதி பெற வேண்டியதில்லை. போன ஆண்டு படுதோல்வி அடைந்த அணிக்கும் இந்த ஆண்டு ஆட்டம் உறுதி. அடுக்கு என்பதன் பொருள் அங்கெல்லாம் தனக்கு ஈடானவரோடு ஆடுவது. இங்கே அது வீட்டுக்கு அனுப்பும் வரிசை.

தோல்வி பாடம் கற்பிக்கும் என்று தத்துவமும் சொல்லப்படலாம். கற்பிக்கும்தான். இடது மூலையில் நின்று, பாடி வருபவளைப் பிடிக்கும்போது கணுக்காலுக்குப் போயிருக்க வேண்டும், இடுப்புக்குப் போனது தப்பு என்று அந்த முப்பது நிமிடம் ஒரு பெண்ணுக்குக் கற்பித்துவிடுகிறது. அதைச் செய்து பார்க்க அடுத்த ஆட்டம் அடுத்த ஜூலையில். அதற்குள் அவள் பத்தாம் வகுப்புக்குப் போயிருப்பாள். பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு கிடையாது என்பது நீங்களும் நாங்களும் எழுதாமலே ஒப்புக்கொண்ட அரசாணை. சான்றிதழுக்காகத்தான் இவ்வளவும் என்றால் அதுவும் உச்சியிலிருப்பவருக்குத்தான். மத்திய அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில் பள்ளி மாணவருக்கான படிவம், மாநிலப் பள்ளி அணிக்காக தேசியப் போட்டியில் ஆடியவருக்கே உரியது. குறுவட்டத்தில் ஜெயித்தவரின் சான்றிதழைக்கூட வீட்டுச் சுவரில்தான் மாட்டலாம். அப்படியிருக்க, கீழ்ப்படியில் எதையும் பாதுகாக்க வேண்டிய அவசியம் துறைக்கு இல்லை. தாராளமாக இன்னும் நான்கு ஆட்டம் ஆடவிடலாம்.

எனவே, வரும் கல்வியாண்டு முதல் கணக்குக் குறுவட்டத்தைத் தொடங்குமாறும், அது இயலாதெனில் கபடிக்காவது லீக் முறையை அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டில் எது துறைக்கு எளிது என்பதைத் துறையே முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் பார்வையாளர்.

இணைப்பு: எட்டுப் பள்ளிகளுக்கான லீக் அட்டவணை, ஒரு பக்கம். மறுபக்கம் காலியாக விடப்பட்டுள்ளது. ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்ற குறிப்பை அங்கே எழுதிக்கொள்ளலாம்.