தருமர் ரதம் ஏன் கிளம்பவில்லை?

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைச் சுற்றி வந்தால் ஒரு யானை நிற்கிறது, ஒரு சிங்கம் நிற்கிறது, ஒரு காளை படுத்திருக்கிறது. நாயை மட்டும் காணோம். இந்திரன் ரதத்தோடு வந்து சொர்க்கத்துக்குக் கூப்பிட்டபோது, கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டு ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தவர் தருமர். அவர் பெயரில் ஒரு ரதத்தை நிறுத்திவிட்டு நாயை வைக்காமல் போனால் மனிதர் எப்படி ஏறுவார்? ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. பாண்டவர் பெயரெல்லாம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை, பல்லவச் சிற்பி மேல் பழி போடக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் குறுக்கிடுவார்கள். வாஸ்தவம். குற்றம் பெயர் வைத்தவர்கள் மேல்தான். நாய்ப்பிரியரான நண்பருக்குப் பிறந்தநாள் கார்டு செய்ய உட்காருகிறவர்களும் இதே குற்றத்தைத்தான் செய்கிறார்கள். நண்பரின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஜிகினா தூவிவிட்டு, பக்கத்தில் இன்டர்நெட்டில் இறக்கிய லாப்ரடார் ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன் வேறு. செங்கல்பட்டில் நண்பர் வீட்டு வாசலில் படுத்திருப்பதோ ஒரு காது மடிந்த செவலை. ஊரான் வீட்டுக் குழந்தை படத்தைப் போட்டு 'உங்கள் பிள்ளைக்கு வாழ்த்துகள்' என்று எழுதினால் பெற்றவர்கள் என்ன சொல்வார்கள்?

கார்டில் நாய் இருந்தால் போதாது, அந்த நாய் இருக்க வேண்டும். அதற்கு அழகை விடக் குணம் முக்கியம். இந்தப் பாடத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம், ரதங்களிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் பெரும்பாறைச் சிற்பமே போதும். தவம் செய்கிறவர் அர்ச்சுனனா பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கீழே கைகளைத் தூக்கிக்கொண்டு கள்ளத்தவம் செய்கிற பூனையைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. அதை நம்பிச் சுற்றி நிற்கிற எலிகளும் தெளிவாகத்தான் இருக்கின்றன. இன்னோர் இடத்தில் ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. மான் என்றால் இப்படித்தான் என்று யாரோ சொல்லக் கேட்டுச் செதுக்கியதல்ல அது, ஒரு மான் ஒரு நாள் செய்ததைப் பார்த்தவன் கை. உங்கள் நண்பரின் செவலை ரயில் ஹார்ன் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போகுமா, செருப்பில் இடது காலை மட்டும் கடிக்குமா? அதுதான் கார்டின் விஷயம்.

பிறந்தநாள் நண்பருக்கா நாய்க்கா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. இதற்கும் பல்லவர் காலத்திலேயே விடை இருக்கிறது. மாமல்லனின் அப்பா முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிறது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் வீரனுக்குப் பின்னால் அவன் நாயும் நிற்கிறது. கல்வெட்டு அதன் பெயரையே சொல்கிறது: கோவிவன். கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதாம். கல் மனிதனுக்கு, பங்கு நாய்க்கு, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கார்டின் அளவுத் திட்டத்தை இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 2005இல் நம் அஞ்சல் துறை ராஜபாளையம் உட்பட நான்கு நாட்டு நாய் வகைகளுக்குத் தபால்தலை வெளியிட்டது. அழகான தபால்தலைகள்தான், கிடைத்தால் உறையில் ஒட்டலாம். ஆனாலும் சர்க்கார் இனத்தோடு நின்றுவிட்டது, எடுத்தனூர்க்காரர்கள் ஏழாம் நூற்றாண்டிலேயே பெயர்வரை போய்விட்டார்கள்.

எனக்கு வரைய வராது என்பது அடுத்த ஆட்சேபம். வரையத் தெரிந்தவர்களின் நாயே பாதி நேரம் ஆட்டுக்குட்டி மாதிரிதான் வந்து நிற்கும். அதற்குத்தான் பெயர். கீழே 'மணி' என்று எழுதிவிட்டால் ஆட்டுக்குட்டியும் மணிதான். இன்னொரு சங்கடம்: அந்த மணி போன மாதம்தான் பால்காரரைக் கடித்தது, அதைக் கொண்டாடலாமா? பால்காரர் கட்சியில் நியாயம் இருக்கிறது. தடுப்பூசிக்கு அலைந்தவரிடம் போய் நாயின் நன்றியுணர்வு பற்றிப் பேசக் கூடாது. ஆனால் கோவிவன் பெயர் கல்லில் ஏறியதே கடித்ததால்தான். கடி வரலாறாவது யாரைக் கடித்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே பால்காரரை விட்டுவிடுங்கள், செருப்பை எழுதுங்கள்.

பாதத் தடம் பதிக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தச் சாயமானாலும் அடுத்த நிமிடம் நாய் அதை நக்கப் போகிறது, ஆகவே பெயின்டைத் தொடாதீர்கள். பீட்ரூட் சாறோ மஞ்சள் கரைசலோ போதும். நடுவில் ஒரு பெரிய மெத்தை, மேலே நான்கு விரல்கள் என்று மனதில் படம் இருக்கும். அட்டையில் விழுவது பெரும்பாலும் நசுங்கிய உளுந்து வடை, அதற்கு மேல் வால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும். பீட்ரூட் சில நாளில் பழுப்பேறிவிடும். ஏறட்டும். நிறத்தைப் பற்றி நாய்க்குப் பெரிய புகார் இருக்காது. அதன் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் சரியாகப் பிரிந்து தெரியும், சிவப்பு மங்கல்தான். கார்டை அது மூக்கால் படிக்கும். மாமல்லபுரத்தை அடுத்த தேவனேரிப் பக்கம் மணலில் காய்கிற கருவாட்டில் ஒரு துண்டை அட்டைக்குள் மறைத்தால் வாசகர் ஆர்வம் நிச்சயம், அட்டை மிஞ்சுவதுதான் சந்தேகம். கருவாடு வைக்காவிட்டாலும் கார்டு தரையில் இருக்கிற நேரம் பார்த்து மணி அதை எடுக்கத்தான் போகிறது. அதனால் வாழ்த்தையும் உங்கள் கையெழுத்தையும் இடது பக்கமாக ஒதுக்கி எழுதி, வலது கீழ் மூலையைக் காலியாக விட்டுவையுங்கள். மணி கையெழுத்துப் போட இடம் வேண்டுமே.