காண்டாமிருகத்துக்கு வழி விடுங்கள்!

கேள்வி: அடுத்த மாதம் மகன் வீட்டுக்கு மெல்பர்ன் போகிறேன். அங்கே நடுரோட்டில் டிராம் ஓடுமாமே! தி.நகரில் பஸ்ஸையே கை காட்டி நிறுத்தி ரோட்டைக் கடக்கிற எனக்கு என்ன பயம்?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: அந்தக் கையைச் சென்னையிலேயே விட்டுவிட்டுப் போங்கள், அம்மா! பஸ் டிரைவராவது வண்டியை ஒடித்துத் திருப்புவார். டிராமுக்கு ஸ்டீயரிங்கே கிடையாது. இரும்புத் தண்டவாளம், இரும்புச் சக்கரம். பிரேக் போட்டாலும் வெகுதூரம் வந்துதான் நிற்கும். ஒரு டிராம் 30 காண்டாமிருகங்களின் எடை என்று, ஸ்கேட்போர்டில் காண்டாமிருகத்தை ஏற்றி அந்த ஊரிலேயே விளம்பரம் செய்தார்கள். அதுவும் சத்தம் போடாத மின்சாரக் காண்டாமிருகம். காதில் போன் இருந்தால் மணியடிப்பதும் கேட்காது.

ஒரு டிராம் போனதுமே காலை வைக்காதீர்கள். அதன் மறைவில் எதிர்த்திசை டிராம் வரும். மழையில் தண்டவாளம் வழுக்கும், மிதிக்காமல் தாண்டுங்கள். பார்சிலோனாவின் மகத்தான கட்டடக் கலைஞர் கௌடியை 1926இலும், வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸை 1954இல் கல்கத்தாவிலும் டிராம்தான் பலிகொண்டது.

பச்சை விளக்கு வந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே கடந்து செல்லுங்கள், அம்மா.